மூன்றாவது கம்ப்ரசர்

"தங்கமான பையன்னு சொன்னது நீதான? உன் வாயால சொன்னியா இல்லியா?"

"சொன்னேங்க்கா. இப்பவும்..."

"இப்பவும் இன்னா இப்பவும்! ரெண்டு கம்ப்ரசர எரிச்சிட்டாம்மா உன் தங்கம்! உள்ள போயி மோந்து பாரு. வஞ்சிரமும் கொடுவாவும் எந்த கதியில கெடக்குதுன்னு நீயே மோந்து பாரு!"

மோந்து பார்க்க உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. கடலூர் தேவனாம்பட்டினம் சாலையில் அந்த நாற்றம் காலையிலேயே வெளியே வந்து நின்றுகொண்டிருந்தது. கூடவே புஷ்பவள்ளியின் குரலும். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள், குடம் நிரம்பி வழிவதையும் பார்க்காமல் மீன் குளிர் அறையின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு சண்டை கிடைப்பது அபூர்வம். பெண்ணைப் பெற்றவள், மாப்பிள்ளை, துப்பறியும் நிபுணர் மூன்று பேரும் ஒரே இடத்தில்.

நிபுணர் என்பது கயல்விழி தன் பெயர்ப்பலகையில் போட்டுக்கொண்டது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கண்ணாடிக் கடை மாடியில் அவளுடைய துப்பறியும் நிலையம். கொலை, கொள்ளை என்று எதுவும் அந்தப் படிக்கட்டில் ஏறி வந்ததில்லை. ஏறி வருவதெல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள். பையன் குடிக்கிறானா, வேறு எங்காவது தொடுப்பு உண்டா, அவ்வளவுதான் கேள்வி. புஷ்பவள்ளியும் அப்படி வந்தவள்தான். கணவர் போன பிறகு மீனை வாங்கிப் பதப்படுத்தி விற்கும் தொழிலை ஒற்றை ஆளாகக் கட்டி இழுப்பவள். மகள் சத்யப்பிரியாவுக்குப் பார்த்த கதிரவன் எப்படி என்று கேட்டாள். கயல்விழி விசாரித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கட்டிவைக்கலாம் என்றாள். இப்போது அந்தச் சொல் அவள் கழுத்தில் கல்லாகத் தொங்கியது.

"யக்கா, கண்ண மூடிக்கிட்டுன்னுதான் மேடம் சொன்னாங்க. மூக்க மூடிக்கிட்டுன்னு சொல்லல" என்றார் சின்னையன்.

சின்னையன் கயல்விழியின் உதவியாளர். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பயணிகளிடம் வாயைக் கொடுத்தே வேலையை விட்டவர். வேலை போனதே தவிர வாய் போகவில்லை.

"அண்ணே, சும்மா இருங்க" என்று பல்லைக் கடித்தாள் கயல்விழி.

நடந்தது இதுதான். குளிர் அறையில் பல வருடம் ஓடிய பழைய கம்ப்ரசர் வயதாகி நின்றது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, ஏசி மெக்கானிக்கான கதிரவன் தானே வந்து புதுசு மாட்டினான். அது எரிந்தது. வேறொன்று மாட்டினான். நேற்று அதுவும் எரிந்தது. மூன்றாவது கம்ப்ரசர் அட்டைப்பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்தது. அதைத் தொட அவனை விடுவதா கூடாதா என்பதில் ஆரம்பித்த பேச்சு, பெண்ணைக் கொடுப்பதா கூடாதா என்பதில் வந்து நின்றது.

"நாளைக்கிப் பத்திரிக அடிக்கக் குடுக்கணும். பொழுது சாயறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும். ஒண்ணு இவன் வேல தெரியாதவன், இல்லன்னா எவனோ சொல்லிக் குடுத்து என்னைக் கவுக்கறான். எதுவா இருந்தாலும் என் பொண்ண இவனுக்குக் குடுக்க மாட்டேன். தொறமுகத்துல ஒரு ஐஸ் ரூம்லயும் இவன் காலு வைக்க முடியாது, பாத்துக்க!"

கதிரவன் தலை குனிந்து நின்றான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட். மெக்கானிக் என்றால் காலண்டரில் வரும் மெக்கானிக்தான் அப்படி இருப்பான்.

"என்ன கதிரவன், எதனால எரிஞ்சிச்சி?" என்று கேட்டாள் கயல்விழி.

"மெஷின்ல ஏதாச்சும் கோளாறு இருக்கும் மேடம்."

"ரெண்டுலயுமா?"

அவன் தரையைப் பார்த்தான். அங்கே ஒட்டியிருந்த மீன் செதிலைச் செருப்பு நுனியால் சுரண்டினான்.

"வேக்கம் சரியாப் போட்டீங்களா?"

இந்தக் கேள்வியை அவள் வரும் வழியில்தான் கற்றுக்கொண்டிருந்தாள். புது கம்ப்ரசர் மாட்டினால், கேஸ் ஏற்றும் முன் குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் வேக்கம் போடுவது. ஈரம் உள்ளே தங்கினால் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். கம்ப்ரசர் திணறித் திணறி ஒரு நாள் கருகும்.

கதிரவன் வாயைத் திறப்பதற்குள் புஷ்பவள்ளியே பதில் சொன்னாள். "அதெல்லாம் போட்டாச்சி. சோத்துல கொழம்ப ஊத்தி ரசத்துக்கு வரதுக்குள்ள, அழுத்தங் காட்டற கேஜுல முள்ளு அடியில எறங்கிடுச்சின்னு சேதி வந்துருச்சி. ரெண்டு வாட்டியும் அப்பிடித்தான்."

"சித்தி, விடு சித்தி. மொதல்ல மோர் குடி" என்று டம்ளர்களோடு வந்தான் அன்புமணி. புஷ்பவள்ளி கணவரின் அண்ணன் மகன். குளிர் அறையைத் திறப்பது, பூட்டுவது, லாரிக்கு ஏற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு. கல்யாணம் ஆகி மாப்பிள்ளை உள்ளே வந்தால் இந்தச் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கும் என்று குழாயடியில் ஏற்கெனவே பேச்சு உண்டு. கயல்விழியின் காதிலும் அது விழுந்தது. அவளுடைய கண் சாவிக்கொத்தின் மேல் ஒரு நொடி கூடுதலாகவே நின்றது.

சத்யப்பிரியா தூணில் சாய்ந்து நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கதிரவனை மட்டும் பார்த்தாள். ஏதாவது பேசேன் என்பது போல. அவன் மோர் குடித்தான்.

"எங்க மேடம் போறோம்?" ஸ்கூட்டரை உதைத்தபடி கேட்டார் சின்னையன்.

"சிதம்பரத்துக்கு. அவன் கடை அங்கதான. அங்க எத்தன மெஷின எரிச்சிருக்கான்னு பாப்போம்."

வெயில் மண்டையைப் பிளந்தது. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பின் சக்கரம் தள்ளாடியது. பஞ்சர் கடைக்காரர், காற்றுதான் குறைவு என்று ஏற்றினார். அளவுக்கு மேல் ஏற்றிவிட்டார். பிறகு ஒரு ஆணியை எடுத்து டயரின் வால்வுக்குள் இருந்த பொடி ஊசியை அமுக்கினார். புஸ்ஸ் என்றது.

"பாத்தீங்களா மேடம், நம்ம டவுன் பஸ்ஸு மாதிரியே" என்றார் சின்னையன். "வெளிய இருந்து தள்ளுனா தானா ஏறிக்கும். எறங்கணும்னா மட்டும் எவனாச்சும் விசில் அடிக்கணும்."

"அண்ணே, என் பொழப்பே போயிக்கிட்டு இருக்கு. வண்டிய எடுங்க."

சிதம்பரத்தில் பொழப்பு இன்னும் வேகமாகப் போயிற்று. கீழ வீதியில் மருந்துக் கடைக்காரர் கதிரவனைப் புகழ்ந்தார். தெற்கு வீதியில் துணிக்கடைக்காரர் அதைவிடப் புகழ்ந்தார். ஒரு பல் டாக்டர், அவன் மாட்டிய ஏசியை மூன்று கோடையாக யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை என்றார். ஒருத்தனைப் பற்றி ஊரே நல்லது சொன்னால் துப்பறிகிறவள் என்ன செய்வாள்? கயல்விழி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, முகத்தில் பாதி பவுடர் கைக்குட்டைக்கு வந்துவிட்டது.

"அப்பிடின்னா வேல தெரிஞ்சவன். தெரிஞ்சவன் எரிச்சா வேணும்னு எரிச்சான்னு அர்த்தம். அந்தம்மா சொன்ன ரெண்டாவது கணக்கு" என்றார் சின்னையன்.

"வேணும்னு எரிக்கறவன் மாமியார் வூட்லயா எரிப்பான்?"

"எங்க மாமியார நீங்க பாத்ததில்லியே மேடம்."

கடைசியாக மேல வீதியில் கண்ணாயிரத்தின் ஐஸ்கிரீம் கடை. கதிரவன் பெயரைச் சொன்னதும் கண்ணாயிரம் கல்லாவில் இருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். பக்தியால் அல்ல.

"அவனா? யம்மா, இனிமே அவன கூப்புடவே மாட்டேன்னு அன்னிக்கி சத்தியம் பண்ணேன்."

கயல்விழிக்கு உயிர் வந்தது. "இன்னா பண்ணாரு? மெஷின கெடுத்துட்டாரா?"

"மெஷினு கல்லு மாதிரி ஓடுது. என்னைத்தான் கெடுத்தான். இருக்கறது பெட்டி மாதிரி ஒரு ஃப்ரீசரு. அதுக்கு வேக்கம் போடறேன்னு காலையில குந்துனவன் மத்தியானம் கோயில் நட சாத்துற வரைக்கும் எழுந்திரிக்கல. பம்ப விட்டு நவுரல. காப்பி குடுத்தா வேணாங்கறான். என் கடையாளு குழாய தொட்டுட்டான்னு அப்பிடி ஒரு கத்து கத்தினான் பாரு, ஐஸ்கிரீம் வாங்க வந்த கொழந்த அழுதுருச்சி."

"கதிரவனா கத்தினாரு?" காலையில் மோர் குடித்த வாயை நினைத்துப் பார்த்தாள் கயல்விழி.

"குழாயின்னா அவனுக்கு உயிரு. மத்த மெக்கானிக்கெல்லாம் மெல்லிசா, நீளமா, செவப்பு நீலம்னு கலர் கலரா ஹோஸு கொண்டாருவான். இவன் கொண்டாந்தது கட்ட வெரலு தண்டி, கைமொழம் நீளந்தான். ஏம்ப்பா இதுன்னேன். எளநிய மெல்லிசான குழாயில உறிஞ்சினா கன்னந்தான் வலிக்கும், எளநி வராதுன்னான். சரின்னு விட்டேன். அப்பறம் பாரு, ஹோஸ மாட்டறதுக்கு முன்னாடி பித்தளையில ஒரு சின்ன சாமான வச்சித் திருவி, மெஷினு வாயில இருந்து கடுகு தண்டிக்கி எதையோ கழட்டினான். ஊசி வச்ச பின் வால்வாம். அது அடச்சிக்கிட்டு இருந்தா தண்டி ஹோஸு போட்டும் பிரயோஜனம் இல்லியாம். ஒரு சில்வர் டம்ளர கேட்டு வாங்கி, அதுக்குள்ள போட்டு, என் கல்லாவுல வச்சான். இது தொலைஞ்சா நான் தொலைஞ்சேன் அண்ணாச்சின்னான். வேல முடியற வரைக்கும் யாவாரத்த வுட்டுட்டு அந்த டம்ளர காவ காத்தேன்!"

கண்ணாயிரம் இன்னும் புலம்பிக்கொண்டிருந்தார். கயல்விழி ஐஸ்கிரீம் கரண்டியை வாயில் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

"மேடம், சில்லுன்னு ஏறிடுச்சா?"

"அண்ணே. இங்க இருக்கறது பெட்டி. அதுக்கு அரை நாள். அங்க இருக்கறது லாரிய நிறுத்தற அளவு ரூமு, மொட்ட மாடி வரைக்கும் குழாயி. அதுக்கு ரசம் ஊத்தற நேரம். டம்ளரு சீக்கிரம் காலியாவலாம். அண்டா எப்பிடி அதுக்கு முன்னாடி காலியாவும்?"

"அண்டாவ தொறக்கவே இல்லன்னா?" என்று விளையாட்டாகச் சொன்னார் சின்னையன்.

கயல்விழி கரண்டியைக் கீழே வைத்தாள். "வண்டிய எடுங்க."

"என் ஐஸ்கிரீமு?"

"வழியில உருகட்டும்."

வெயில் தாழ்ந்த நேரத்தில் அவர்கள் திரும்பியபோது குழாயடியில் கூட்டம் கூடியிருந்தது. தண்ணீர் நின்று வெகுநேரம் ஆகியும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. புஷ்பவள்ளி இடுப்பில் கைவைத்து நின்றாள். கதிரவன் ஒரு நாற்காலியில், அதே வெள்ளைச் சட்டையில்.

"இன்னா, திருடனா, வேல தெரியாதவனா?"

"சொல்றேங்க்கா. அன்புமணி, வேக்கம் போட்ட அந்தத் தண்டி ஹோஸ எடுத்துட்டு வாங்க."

அன்புமணி ஓடிப்போய் எடுத்து வந்தான். கதிரவனின் சொந்த ஹோஸ்தான். கட்டைவிரல் தடிமன், முழ நீளம்.

"அன்னிக்கி வேக்கம் போடும்போது மெஷினு வாயில இருந்து கழட்டின பின் வால்வ எதுல போட்டு வச்சீங்க?"

"எந்த வால்வு?" என்றான் அன்புமணி.

கதிரவன் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டான்.

"ஏன் எழுந்திரிக்கிறீங்க? கேள்வி ஒங்கள கேக்கலியே" என்ற கயல்விழி, அன்புமணியிடம் திரும்பினாள். "அன்னிக்கி மாட்டின மாதிரியே இப்ப மாட்டிக் காட்டுங்க."

குழாயடியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஹோஸை மாட்டியது மாப்பிள்ளை இல்லையா? அன்புமணியா? சாவிக்கொத்தைப் பற்றி முதலில் பேசியவள் மற்றவர்களைப் பெருமையாகப் பார்த்தாள்.

அன்புமணி ஹோஸின் ஒரு முனையை எரிந்த கம்ப்ரசரின் குழாய் வாயில் நேராகத் திருகினான். மறு முனையைக் கேஜ் வைத்த பம்பில் மாட்டினான். சுவிட்சைப் போட்டான். முள் சரசரவென்று இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா? வேக்கம் ஆயிடுச்சி" என்றான். அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. வேலையைச் செய்து காட்டிய திருப்திதான் இருந்தது.

"அப்பன்னா உள்ள காத்து, கேஸு ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணுமே இல்ல."

கயல்விழி பம்பை நிறுத்தி ஹோஸைக் கழற்றச் சொன்னாள். கொண்டையில் இருந்து ஹேர்பின்னை உருவினாள். குழாய் வாய்க்குள் தெரிந்த பொடி ஊசியின் மேல் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள்.

புஸ்ஸ்ஸ்!

வெள்ளையாகக் கேஸ் பீறிட்டது. புஷ்பவள்ளி இரண்டடி பின்னால் தாவினாள். குழாயடியில் ஒரு குடம் உருண்டது.

"புதுச்சத்திரம் டயரு!" என்று கத்தினார் சின்னையன். "தள்ளுனா ஏறிக்கும், விசில் அடிச்சாத்தான் எறங்கும்!"

"அதேதான். மெல்லிசு ஹோஸு முனையில இந்த ஊசிய அமுக்கறதுக்கு ஒரு முள்ளு இருக்கும். தண்டி ஹோஸுல அது கெடையாது. வேக்கத்துக்கு மொதல்ல வால்வையே கழட்டிடணும், அதனால முள்ளு தேவையில்ல. கதிரவன் கழட்டித்தான் மாட்டுவாரு. இவுரு கழட்டாம மாட்டிட்டாரு. கதவு மூடியே இருந்துச்சி. பம்பு உறிஞ்சது இந்த முழ நீள ஹோஸ மட்டுந்தான். அப்பறம் கேஸு ஏத்தினப்ப அது தள்ளிக்கிட்டு உள்ள போயிடுச்சி. காத்தும் ஈரமும் உள்ளயே தங்கிடுச்சி. ரெண்டு கம்ப்ரசரும் அதுலதான் எரிஞ்சிது."

"அடப்பாவி!" புஷ்பவள்ளி அன்புமணியின் சட்டையைப் பிடித்தாள். "சாவி போயிடும்னு என் வயித்துல அடிச்சியாடா?"

அன்புமணியின் கண் கலங்கிவிட்டது. "சித்தி, நீதான சொன்ன?"

"நான் இன்னாடா சொன்னேன்?"

"மச்சான்காரன் நீ இருக்கறப்ப மாப்பிள்ள கையில கரி படலாமா, போயி நீ மாட்டுடா, அவரு ஒக்காந்து சாப்புடட்டும்னு சொன்னியே! ரெண்டு வாட்டியும் நீதான சொன்ன?"

புஷ்பவள்ளியின் கை சட்டையில் இருந்து தானாக நழுவியது.

கயல்விழிக்கு இது சிதம்பரத்திலேயே தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் பம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், இந்த ஒரு இடத்தில்தான் மாப்பிள்ளை. அவன் இலை முன்னால் இருக்கும்போது முள் இறங்கிய சேதி வந்ததென்றால், ஹோஸை மாட்டியது வேறு கை. விடியலில் வந்து பற்றவைப்பு வேலையை அவனே முடித்துவிடுவான். ஏலம் முடிந்து துறைமுகத்தில் இருந்து புஷ்பவள்ளி வந்தாளோ, இலை விழுந்துவிடும். அப்பா இல்லாத பெண், மரியாதையில் குறை என்று நாளைக்கு எவரும் வாய் திறந்துவிடக் கூடாது என்பது அவள் பயம். அந்தப் பயத்தில் வேலைக்காரனைக் கிளப்பி மாப்பிள்ளையாக உட்கார வைத்தாள். வெள்ளைச் சட்டைகூட அவள் எடுத்துக் கொடுத்ததுதான்.

"ஒனக்குத் தெரியாதா?" முதல் முறையாகச் சத்யப்பிரியா பேசினாள். கேள்வி கதிரவனுக்கு. "ரசம் ஊத்தறதுக்குள்ள முள்ளு எறங்கிடுச்சின்னா, ஒனக்கு ஒறைக்கல?"

"சந்தேகந்தான். கேட்டா மச்சான சந்தேகப்படற மாதிரி ஆயிடும். அத்த ஆசையா சோறு போடும்போது பாதியில எழுந்தா..."

"அதுக்கு? திருடன்னு பேரு வாங்கிக்கிட்டு மோர் குடிச்சியா? வேணாம் அத்த, என் வேலைய நான் பாத்துக்கறேன்னு ஒரு வார்த்த வரலியா? ஒன் வேலைக்கே நீ வாயத் தொறக்கலன்னா நாளைக்கி எனக்காக எங்க தொறப்ப? மேடம், இவரு திருடன் இல்ல, வேல தெரியாதவரும் இல்ல. அதுக்காகக் கட்டிக்கணுமா?"

கயல்விழி தலையில் கைவைத்துக்கொண்டாள். காலையில் இருந்து வெயிலில் அலைந்து அவனை நல்லவன் என்று நிரூபித்தது இதற்குத்தானா?

கதிரவன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி நாற்காலியின் மேல் போட்டான். பனியனோடு போய் மூன்றாவது கம்ப்ரசரின் அட்டைப்பெட்டியைக் கிழித்தான்.

"ஐயோ மாப்பிள்ள, நீங்க ஒக்காருங்க! டேய் அன்பு, போயிப் புடி. மாப்பிள்ள கையில..."

"அத்த!"

அந்தச் சத்தத்தில் உருண்ட குடம் இன்னொரு முறை உருண்டது என்று சொல்பவர்கள் உண்டு. சிதம்பரத்தில் குழந்தையை அழவைத்த அதே குரல்.

"வேல முடியற வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது. நீங்களும் வரக் கூடாது. சோறும் வேணாம்."

புஷ்பவள்ளி அப்படியே படியில் உட்கார்ந்தாள். கோபமா, அழுகையா என்று அவளுக்கே தெரியாத ஒரு முகம். சத்யப்பிரியா உள்ளே போனாள். திரும்பி வந்தவள் கையில் ஒரு சில்வர் டம்ளர். மோர் இல்லை, தண்ணீர் இல்லை. துடைத்த காலி டம்ளர். ஒன்றும் சொல்லாமல் அதைக் கதிரவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூணுக்கே திரும்பிப் போனாள்.

அவளுக்கு அந்த டம்ளர் விஷயத்தைச் சொன்னது சின்னையன்தான். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே சொல்லிவிட்டார். வாய் அப்படி.

மறுநாள் பத்திரிகை அடிக்கப் போயிற்று. ஆவணியில் கடலூரிலேயே கல்யாணம். மண்டபத்தில் ஏசி நின்றுபோய், தாலி கட்டிய மாப்பிள்ளையை எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், எழப்போனவனை யாரும் தடுக்கக் கூடாது என்று புஷ்பவள்ளியே கையைக் காட்டியதும் தனிக்கதை. இருவரும் சிதம்பரம் வடக்கு வீதிக்குக் குடிபோனார்கள். அன்புமணி கதிரவனிடமே தொழிலைக் கற்றுக்கொண்டு மஸ்கட் போய், திரும்பி வந்து மங்கலம்பேட்டையில் பெண் எடுத்தான். மாமியார் வீட்டில் அவனுக்கு விருந்து வைத்தபோது, ஒழுகும் பாத்ரூம் குழாயை நானே பார்க்கிறேன், வேறு யாரும் தொடாதீர்கள், சோறு அப்புறம் என்றானாம். புஷ்பவள்ளியின் குளிர் அறையை இப்போது பார்ப்பது புதுச்சேரியில் இருந்து வரும் வெளியாள். மாப்பிள்ளை என்றால் வாய்விட்டுத் திட்ட முடியவில்லை என்பது அவள் சொல்லும் காரணம். கயல்விழிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வருகிற வரனை எல்லாம் அவளே விசாரித்தால் எப்படி ஆகும் என்று சின்னையன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சீர்வரிசைப் பாத்திரங்களோடு அந்த டம்ளரும் சிதம்பரம் போயிருக்கிறது. வந்தவர்களுக்கு எதில் வேண்டுமானாலும் காப்பி கொடுப்பாள் சத்யப்பிரியா. அதில் மட்டும் கொடுப்பதில்லை.